பாரிமுனையில் அத்தோ சாப்பிடப் போகிறீர்களா?

சென்னையில் சீனர் தெரு என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் நூடுல்ஸுக்கென்றே ஒரு தெரு உண்டு. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த பர்மிய நூடுல்ஸான அத்தோ, பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். மாலையில் போங்கள்.

கையில் காசு குறைவா? முட்டை மசாலா போதும். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் வைத்துத் தருவார்கள். அப்படியே முழுதாக வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டையில் வழியும்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் அத்தோ. வேகவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், எலுமிச்சை சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். மேலே நொறுக்கிப் போடும் மொறுமொறு தட்டைதான் பேஜோ. பிசைந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். உப்புப் பட்ட கோஸ் தண்ணீர் விடும், பேஜோ நமத்துப்போகும், பாதி ருசி போச்சு. பார்சல் என்றால் பேஜோவையும் கூடத் தரும் வாழைத்தண்டு சூப்பையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசைவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

நாலைந்து பேராகப் போனால் அத்தோ, மொய்ங்கா (சூப் ஊற்றிய நூடுல்ஸ்), பேஜோ, முட்டை என்று ஆளுக்கொன்று வாங்கிப் பகிர்வதே லாபம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: மொய்ங்கா பர்மாவில் மீன் குழம்போடு உண்பது. இங்கே சூப்பில் மீனோ இறாலோ உண்டா, நூடுல்ஸில் முட்டை உண்டா என்று கடைக்குக் கடை கேட்டுக்கொள்ளுங்கள்.