தலவாக்கலையில் இருந்து கொழும்புக்கு, நாலு வயதுப் பிள்ளையோடு

கொழும்புக்குப் போகிறோம் என்றாலே எல்லாரும் கேட்பது "எத்தனை மணித்தியாலம்?" என்றுதான். சின்னப் பிள்ளை கூட வருகிறது என்றால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, எங்கெங்கே வளைவு அதிகம், எங்கே நிறுத்தலாம் என்று பாருங்கள். தலவாக்கலையில் ஏறி ஹட்டன், கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு இறங்கி முடிக்கும் வரைதான் பெரிய பாடு.

முதலில் வாந்தி. 2 வயதில் இருந்து 12 வயது வரையான பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு வண்டி வளைவது தெரிகிறது, ஆனால் கண் போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டு இருப்பதால் அதற்கு எதுவும் அசையவில்லை. இந்த இரண்டும் ஒத்துப்போகாமல்தான் வயிறு புரட்டுகிறது. அதனால் மலை இறங்கி முடியும் வரை போன் கொடுக்கவே கூடாது, எவ்வளவு அழுதாலும். பிள்ளையைப் பின் சீட்டில் நடுவில், முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். நடு சீட்டில் பெல்ட் இல்லையென்றால் பெல்ட் உள்ள இடம்தான் முக்கியம். வேன் பேசும்போதே பின் சீட்டில் பெல்ட் வேலை செய்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டில் மடியில் வைத்துப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். திடீரென்று பிரேக் போட்டால் எந்தக் கையாலும் பிடித்து வைக்க முடியாது.

சாப்பாடு விஷயத்தில் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போன டிசம்பரில் மகள் பசியோடு போகக்கூடாது என்று கிளம்பும் முன் ஒரு கப் பால் நிறையக் கொடுத்தேன். ஹட்டன் வரை பாட்டும் கதையுமாக வந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். இரண்டு தரம் கொட்டாவி விட்டாள், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தாள், உதடு வெளிறிப்போனது. "அம்மா, வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்று அவள் சொல்லி முடிக்கும் முன்னமே எல்லாம் சுவெட்டரில். அந்தக் கொட்டாவியிலேயே "அண்ணே, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது கிளம்புவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னமே பாதி ரொட்டியோ இரண்டு கிறீம் கிறேக்கரோ கொடுத்துவிடுகிறேன், வழியில் தண்ணீர் மடக்கு மடக்காக. பால், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் இல்லை. வாந்தி மாத்திரையை நீங்களே பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள், வயதையும் நிறையையும் சொல்லி டொக்டரிடம் கேட்டு மட்டும் கொடுங்கள்.

கைக்கு எட்டுகிற இடத்தில் ஓட்டையில்லாத சொப்பிங் பேக் நாலைந்து, ஈரத்துணி, ஒரு மாற்று உடுப்பு. டிக்கியில் இருக்கிற பெட்டிக்குள் வைத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்புறம் இந்தச் சுவெட்டர். காலைக் குளிரில் போட்டுவிட்டதை அப்படியே விட்டுவிடுவோம், இறங்க இறங்க வெக்கை கூடும், பிள்ளைக்கு வேர்த்து அதனாலேயே குமட்டும். கினிகத்தேனையில் நிறுத்தும்போதே கழற்றிவிடுங்கள், உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போதும். இறங்கும்போது காது அடைத்தால் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். அதற்காக உருண்டை டொபியோ கடலையோ கொடுக்க வேண்டாம், குலுங்குகிற வண்டியில் தொண்டையில் சிக்கிவிடும்.

விடியக் காலையில் கிளம்புங்கள். பனிமூட்டமும் இடைப்பருவ மழையும் பெரும்பாலும் பின்னேரம்தான் வரும். மழைக்காலம் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள், சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, இலவச அம்பியூலன்ஸுக்கு 1990. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரமாவது நிறுத்துங்கள். ஹட்டனுக்கு முன்னமே டெவோன், சென். கிளேயர் இரண்டு நீர்வீழ்ச்சியும் ரோட்டில் இருந்தே தெரியும். வண்டியை நன்றாக ஓரம் கட்டி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள், காற்று முகத்தில் படட்டும். மூத்திரம் வருகிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும், கேட்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டிக்குள் விளையாட்டு என்றால் தூரத்தைப் பார்க்க வைக்கிற விளையாட்டுத்தான்: சிவப்பு பஸ் எத்தனை, கோயில் கோபுரம் எத்தனை, கொழுந்து எடுக்கிறவர்கள் எந்த மலையில். எட்டியாந்தோட்டை தாண்டி வளைவுகள் குறைந்த பிறகு படமோ பாட்டோ போடலாம், பெரும்பாலும் அதற்குள் தூங்கியிருக்கும்.

திரும்பி வரும்போது சுவெட்டரைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். கித்துல்கலையில் மதியம் வேர்த்துக் கொட்டிய பிள்ளைக்கு ஹட்டன் வந்ததும் பல் கிட்டும்.