நாடகக் குழுவுக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதி கேட்கப் போகிறீர்களா?

அறக்கட்டளையாக நாடகக் குழு நடத்துபவர்கள் நிறுவனங்களிடம் போனதும் சொல்வது, "எங்கள் நாடகத்துக்கு உதவுங்கள், பேனரில் உங்கள் பெயரைப் பெரிதாகப் போடுகிறோம்." அங்கேயே கதவு பாதி மூடிவிடுகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி செலவிடும் சமூகப் பொறுப்பு நிதியில், விளம்பரப் பலனுக்கான ஸ்பான்சர்ஷிப் சேராது. பேனர் பேச்சை விளம்பரப் பிரிவினரிடம் வைத்துக்கொள்ளுங்கள்; அது வேறு பணம்.

சி.எஸ்.ஆர். அதிகாரியிடம் ஒரு நாள் மேடையேற்றத்தைக் கேட்காமல், அந்த நிறுவனத்தின் ஆலையைச் சுற்றியுள்ள நான்கு அரசுப் பள்ளிகளில் ஓராண்டு நாடகப் பயிற்சி என்று கேளுங்கள். கல்வி, கலை, பண்பாடு மூன்றும் இந்த நிதியைச் செலவிடக்கூடிய பணிகளைப் பட்டியலிடும், சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. நிறுவனங்கள் தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் சொல்கிறது. ஒரு தெருக்கூத்துக் கலைஞரையும் பயிற்சியில் சேர்த்தால் மரபுக் கலை வளர்ச்சி என்ற தலைப்பும் பொருந்தும்.

சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் (இந்த நிதியைப் பெற்றுப் பணி செய்யும் அமைப்புகள் அரசிடம் பதிந்து பெறுவது), வருமான வரிப் பதிவுகள், மூன்றாண்டுச் செயல்பாட்டுச் சான்று ஆகியவை கோப்பில் இருக்கட்டும். மார்ச் கடைசியில் ஓடாதீர்கள்; அடுத்த ஆண்டுத் திட்டம் தீட்டும்போதே போங்கள். முடிந்தால் அந்த அதிகாரியை ஓர் ஒத்திகைக்கு அழையுங்கள். பவர்பாயிண்ட் செய்யாததை அரை மணி நேர ஒத்திகை செய்துவிடும்.