ஊருக்குப் போனால் பிள்ளைகளோடு எங்கே நடப்பது: மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பக்கம் சும்மா நடக்கிற ஆளை யாரும் நம்ப மாட்டார்கள். பழனிக்கு மாலை போட்டு நடக்கலாம், ஆடு மேய்க்க நடக்கலாம், டாக்டர் சொன்னார் என்று சர்க்கரைக்காக நடக்கலாம். பெண்டாட்டி பிள்ளைகளோடு, தோளில் தண்ணீர்ப் பாட்டிலோடு, போகிற இடமே இல்லாமல் நடந்தால் பத்து நிமிடத்தில் ஒரு வண்டி பக்கத்தில் வந்து நிற்கும். “என்னப்பா, வண்டி ரிப்பேரா? ஏறு, விட்டுட்டுப் போறேன்.” மெல்போர்னில் ஓடைக்கரையில் நடந்து பழகிய என் மகளுக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. நான்காவது வண்டி நின்றபோது, “நாம ஏதும் தப்பு பண்றோமாப்பா?” என்று கேட்டாள்.

போன ஜனவரியில் மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மூன்று வாரம் இருந்தோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. போவதற்கு முன்பே ஒன்று சொல்லி வைத்திருந்தேன்: இந்தத் தடவை கல்யாண மண்டபம், கோயில், துணிக்கடை மட்டும் இல்லை, மலையில் நடக்கப் போகிறோம். அந்த வாக்குறுதிதான் வினையானது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது எளிது. காப்புக் காட்டுக்குள் நினைத்தபடி ஏறிப் போக முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கப்புறம் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டம் வந்தது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் அந்தந்த மலையை அறிந்த உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கோடை தொடங்கித் தீ பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் ‘எளிது’ பிரிவைத் தாண்டிப் பார்க்கவே வேண்டாம். இவ்வளவுதான். இதை நான் மெல்போர்னில் சோபாவில் உட்கார்ந்தபடியே முடித்திருக்கலாம்.

ஆனால் எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார்.

“ஆன்லைனாவது ஒன்னாவது. அங்க நமக்கு ஆள் இருக்கு” என்றார். மேற்குத் தொடர்ச்சி மலையில் அவர் சின்ன வயதில் போன ஓர் அருவி, அதற்கு ஒரு பாதை. எந்த மலை, எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய ‘ஆள்’ ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பி, ஒன்பதரைக்கு அலுவலக வாசலில் நின்றோம். அதிகாரி கேம்ப். உள்ளே இருந்தவர் மனு எழுதி வரச் சொன்னார். எதிரே வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர், நான் சொன்னதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதினார்: “பொருள்: குடும்பத்துடன் நடப்பதற்கு அனுமதி கோருதல் தொடர்பாக.” எழுதி முடித்துவிட்டு, “நடக்குறதுக்கா சார்?” என்றார் மறுபடியும்.

இரண்டாம் நாள் ஆதார் கேட்டார்கள். இல்லை என்றேன். பாஸ்போர்ட்டையும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டையையும் நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப நீங்க வெளிநாட்டுக்காரரா, உள்ளூரா?” என்று கேட்டார். கேட்டவர் மேல் தப்பில்லை. அந்த அட்டையை வைத்திருக்கிற எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. பெரியப்பா முந்திக்கொண்டு, “நம்ம தம்பி பையன்தாங்க” என்றார். அது ஆவணம் இல்லை. நான்கு பேருக்கும் நகல் வேண்டும்; ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். மகன் காரின் பின் சீட்டில் வாந்தி எடுத்தான்.

மூன்றாம் நாள்தான் அதிகாரியைப் பார்த்தோம். இளைஞர், மரியாதையாகப் பேசினார். “சார், இங்க மனு வாங்கி நாங்க ஒன்னும் பண்ண முடியாது. எல்லாம் ஆன்லைன்தான். நீங்க சொல்ற பாதை லிஸ்ட்லயே இல்ல.” மொத்தப் பேச்சும் இரண்டு நிமிடம். வெளியே வந்த பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆள் தெரியல” என்றார். அப்புறம், “இவ்வளவு தூரம் வந்தாச்சு, பக்கத்துலதான், ஒரு துக்கம் விசாரிச்சிட்டுப் போயிருவோம்” என்றார். என் பிள்ளைகள் மலை ஏறுகிற ஷூக்களோடு, முன்பின் தெரியாத ஒருவருடைய மாலை போட்ட படத்துக்கு எதிரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே: சொந்தக்காரர் “ஆள் இருக்கு” என்று சொன்னால் தலையாட்டுங்கள், காரில் ஏறாதீர்கள்.

சரி, இடங்கள். இவற்றுக்கு மனு வேண்டியதில்லை. மூன்றுமே மதுரையைச் சுற்றி இருப்பவை.

கீழக்குயில்குடி சமணர் மலைதான் பிள்ளைகளுக்கு முதல் இடம். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். பாறையில் படி வெட்டியிருக்கிறது; ஆறு வயதுக்காரன் கையைப் பிடிக்காமல் ஏறினான், இறங்கும்போது மட்டும் பிடித்துக்கொண்டான். ஆறு மணிக்கு ஏறினால் எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்கப்புறம் பாறை சுடும். மேலே பேச்சிப்பள்ளத்தில் ஒரு சுனை, பக்கத்தில் பாறை முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர்கள் பெயர். அவற்றில் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. “அவங்க பையன் வீட்டுக்குத் திரும்பி வந்தானா?” என்று மகள் கேட்டாள். கல்வெட்டில் அது இல்லை. பாறை இடுக்கெல்லாம் உடைந்த பாட்டில்; செருப்பு போதாது, ஷூ வேண்டும்.

அரிட்டாபட்டி கொஞ்சம் நீண்ட நடை. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்டது. குடைவரைச் சிவன் கோயில், தமிழி என்ற மிகப் பழைய எழுத்தில் கல்வெட்டு உள்ள குகை, அதிர்ஷ்டம் இருந்தால் லகுடு வல்லூறு. டங்ஸ்டன் சுரங்கம் வரக்கூடாது என்று சுற்றுவட்டார மக்கள் திரண்டு நின்று, 2025 ஜனவரியில் சுரங்க ஏலத்தை ரத்து செய்ய வைத்த ஊர் இது. புது முகத்தைக் கண்டால் யார், எந்த ஊர் என்று கேட்பார்கள். கேட்கட்டும். நின்று பதில் சொல்லிவிட்டு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறுகிற தார்ச்சாலையும் நடக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் குரங்குகள். கையில் பை வைத்திருந்தால் பறிபோகும்.

நாலாவது இடம் உங்கள் ஊரிலேயே இருக்கும். மூன்றாம் நாள் இரவு அம்மா தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டது: “கம்மாக்கரையில நடக்குறதுக்கு எவன்கிட்டடா கையெழுத்து வாங்கணும்?”

மறுநாள் விடியும்போது போனோம். தை மாதம், கண்மாய் ததும்பி நின்றது. நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் கிடந்தன, பட்டுப்போன கருவேல மரத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. கரைமேல் சீமைக்கருவேல முள் கிடக்கும், பஞ்சு மாதிரிச் செருப்பு போட்டால் உள்ளே இறங்கிவிடும். நாய்க்கு ஒரு குச்சி போதும், அடிக்க வேண்டாம், கையில் இருந்தாலே போதும். மடையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று அம்மாதான் பேத்திக்குக் காட்டினாள். பிள்ளைகள் அப்பத்தாவை விட்டு நகரவில்லை.

மடை வந்ததும் அம்மா கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க கலுங்கு வரைக்கும் போயிட்டு வாங்க.” கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம்தான் கலுங்கு. எனக்குப் பள்ளிக்கூட வயதில் தினம் கலுங்கு வரை போய்ப் புல்லறுத்துத் தலையில் சுமந்து வந்தவள். முழங்கால் இவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. வீடியோவில் பேசும்போது அவள் எப்போதும் உட்கார்ந்துதானே இருக்கிறாள்.

எங்கள் கண்மாயில் மடையிலிருந்து கலுங்குக்குப் போய்த் திரும்ப பிள்ளைகளோடு 50 நிமிடம் ஆனது. நாங்கள் நான்கு பேருமே போனோம். நீங்கள் போனால், ஒருவர் மடையிலேயே இருந்துகொள்ளுங்கள். கலுங்கை அடுத்த நாளும் பார்க்கலாம்.