ஒகேனக்கல்லில் மீன் வாங்கிச் சமைக்க

சென்னையிலிருந்து உறவினர்கள் வந்தால் ஒகேனக்கல்லுக்கு அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும். பென்னாகரத்துக்காரனாயிற்றே! அருவியையும் பரிசலையும் அவர்கள் பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளட்டும். மீன் விஷயத்தில் என் பேச்சுதான் எடுபட வேண்டும்.

கிளம்பும் முன், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று செய்தியில் பாருங்கள். நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும்.

மீன் கடையில் கூச்சப்படாமல் செவுளைத் தூக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பாக இருந்தால் வாங்கலாம், பழுப்பேறியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். விரலால் அழுத்திய குழி உடனே மேலெழ வேண்டும். வயிறு தொளதொளத்த மீனைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பொரிக்க ஜிலேபி மீன் போதும். முள் தொல்லை குறைவு, விலையும் கட்டுப்படியாகும். குழம்புக்குக் கட்லா அல்லது வாளை. வாளைக்குச் செதில் கிடையாது, சதையும் அதிகம். ருசி என்று பார்த்தால் என் ஓட்டு சிறு கெண்டைக்குத்தான். ஆனால் அதன் சதைக்குள் கவட்டை முட்கள் ஒளிந்திருக்கும். இருபுறமும் நெருக்கமாகக் கீறித் தரச் சொல்லுங்கள். எண்ணெய் உள்ளே இறங்கி அந்த முட்கள் மொறுமொறுத்துவிடும்.

சுத்தம் செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுக்காமல் விட்டுவிடுவார்கள். பச்சை நிறப் பித்தப்பை உடையாமல் வர வேண்டும். உடைந்தால் கசப்பு ஊறிவிடும். அதை மருந்து என்று பச்சையாக விழுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரோகு, கட்லாவின் பித்தம் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும், விளையாட்டில்லை. பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் சேற்று வாடை அடங்கும்.

சமைத்துத் தரும் பெண்கள் அங்கேயே இருக்கிறார்கள். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். நல்லெண்ணெய், புளி, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம் நீங்கள் கொண்டுபோவது நல்லது. குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே துண்டுகளைப் போடச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கரண்டி வேண்டாம், சட்டியைப் பிடித்து அசைத்தால் போதும். இறக்கியதும் அரை மணி நேரம் மூடி வையுங்கள். பசி பொறுக்காத பிள்ளைகளுக்கு அதுவரை பொரித்த ஜிலேபியைக் கொடுத்துச் சமாளிக்கலாம்.