பங்க் பேண்ட் கூட வேன்ல டூர் போறீங்களா? இந்தத் தப்பையெல்லாம் பண்ணிடாதீங்க

பங்க்னா வேகமா, சத்தமா வாசிக்கிற ஒரு ராக் இசை. அத வாசிக்கிற பேண்ட் மேடையில நிக்கிறது அரை மணி நேரம், மிஞ்சிப்போனா முக்கால் மணி நேரம். மீதி நாள் முழுக்க வேன்ல, கேஸ் ஸ்டேஷன்ல (பெட்ரோல் போடுற இடம்), இன்னும் திறக்காத க்ளப் வாசல்ல, முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் வீட்டு ஹால் தரையிலன்னு தான் போகும். நான் வாசிக்கிற ஆள் இல்ல. அமெரிக்காவுல ஒரிகன் மாநிலத்து போர்ட்லேண்ட்ல இருக்கிற நண்பர்கள் பேண்டுக்கு நாலு டூர் வண்டி ஓட்டிருக்கேன், ராத்திரியானா மெர்ச் டேபிள்ல உக்காந்து டி-ஷர்ட்டும் ரெக்கார்டும் வித்திருக்கேன். நான் பாத்த வரைக்கும் மேடையில தப்பா வாசிச்சதுக்காக எந்த பேண்டும் உடையல, உடைஞ்சதெல்லாம் அந்த மீதி நேரத்துல பண்ண தப்பால தான்.

முதல் தப்பு கிளம்புறதுக்கு மூணு மாசம் முன்னாடியே நடந்துடும், அதுவும் மேப்ப வெச்சுக்கிட்டு. எந்த ஊர்ல ஷோ கிடைக்குதோ அதையெல்லாம் வரிசையா எழுதிட்டு நடுவுல எவ்ளோ தூரம்னு கடைசியா தான் பாப்பாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து ஃபீனிக்ஸ் ஏறக்குறைய 370 மைல், அது பரவால்ல. ஃபீனிக்ஸ்ல இருந்து எல் பாசோ 430, அதுவும் சமாளிச்சிடலாம். எல் பாசோவுல இருந்து ஆஸ்டின் போனா 580 மைல் பக்கம் வரும், அதோட எல் பாசோ கடிகாரமும் ஆஸ்டின் கடிகாரமும் ஒண்ணு இல்ல, கிழக்க போகப் போக ஒரு மணி நேரம் காணாமப் போயிடும். சாயந்தரம் 6 மணிக்கு லோட்-இன், அதாவது சாமான க்ளப்புக்குள்ள இறக்குற நேரம்னு ஷோ நடத்துற ப்ரொமோட்டர் சொல்லியிருப்பாரு, நீங்க காலைல 9 மணிக்கு நிம்மதியா எழுந்து டிஃபன் சாப்ட்டு கிளம்புனீங்கன்னா முதல் பேண்ட் வாசிச்சு முடிச்சப்புறம் தான் போய் நிப்பீங்க. மேப்ல 6 மணி நேரம்னு காட்டினா நான் 8 மணி நேரம்னு தான் எழுதுவேன், சாமான் ஏத்துன வேன் கார் மாதிரி ஓடாது, உள்ள அஞ்சு பேர் இருந்தா பாத்ரூமுக்கே நாலு தடவ நிறுத்தணும்.

ஷோ புக் பண்றதுல இன்னொன்னு, ஷோ போடுறவங்களோட போன் நம்பர் கிடைச்சா அத பொத்திப் பொத்தி வெச்சுக்கிறது. இந்த டூர் வழி எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா அப்படிப் பண்ண மனசு வராது. 80களோட தொடக்கத்துல கலிபோர்னியாவோட ப்ளாக் ஃப்ளாக், கனடாவுல இருந்து வந்த டி.ஓ.ஏ. மாதிரி பேண்டுகள் ஊர் ஊரா போய் எந்த ஹால் வாடகைக்குக் கிடைக்கும், யாரு நம்பி ஷோ போடுவாங்கன்னு தேடி, அந்த நம்பர்கள ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிட்டதால தான் பின்னாடி வந்தவங்களுக்கு ஒரு பாதையே இருந்துச்சு. உங்க ஊருக்கு வர்ற பேண்டுக்கு நீங்க ஷோ போட்டுக் குடுங்க, தூங்க இடம் குடுங்க, அவங்க ஊருக்கு நீங்க போகும்போது அது திரும்ப வரும்.

இப்ப வண்டி விஷயத்துக்கு வரேன், இதுல தான் நான் ரொம்ப நேரம் நிக்கப் போறேன். பாதிப் பேரு வாங்குறது பழைய 15 சீட் வேன், பின்னாடி சீட்டக் கழட்டிட்டு ப்ளைவுட் அடிச்சு மேல படுக்கை, கீழ சாமான். நல்ல ஏற்பாடு தான், ஆனா கனமானதெல்லாம் கீழ, முன்பக்கமா வரணும். ஆம்பெக் கம்பெனியோட எட்டு ஸ்பீக்கர் பேஸ் கேபினட் (பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டி) ஒண்ணே 60 கிலோவுக்கு மேல வரும், அத மேலயோ கடைசிலயோ ஏத்திட்டு, போதாததுக்கு கூரை மேல பெட்டி கட்டிட்டுப் போறவங்கள பாத்தா எனக்கு வயித்த கலக்கும். இந்த 15 சீட் வேன்ல 10 பேரோ அதுக்கு மேலயோ ஏறுனா உருண்டு விழுற ஆபத்து கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆகுதுன்னு அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001லயே எச்சரிச்சிருக்கு. கூரைல எதையும் ஏத்தாதீங்க, டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்கன்னும் அவங்க சொல்லிட்டே இருக்காங்க. சாமானுக்கும் ஆளுக்கும் நடுவுல கெட்டியா ஒரு தடுப்பு இல்லன்னா சடன் ப்ரேக் போடும்போது ட்ரம்ஸ் ஸ்டாண்டு எல்லாம் பறந்து வந்து பின் மண்டைல தான் அடிக்கும்.

அடுத்தது தூக்கம். ஷோ முடியிறது ராத்திரி 12, சாமான் ஏத்தி காசு வாங்கி முடிக்க 1 மணி, காதுல இன்னும் சத்தம் அடங்கியிருக்காது, உடம்பு சூடா இருக்கும், அப்ப யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, "தூக்கமே வரலப்பா, இப்பவே கிளம்பிடலாம், காலைல ஊரு போய் தூங்கிக்கலாம்." அந்த வார்த்தைய நம்பாதீங்க. 1 மணிக்கு வராத தூக்கம் 4 மணிக்குக் கண்டிப்பா வரும், அதுவும் நேரா போற ரோட்ல, வெளிச்சமே இல்லாத இடத்துல, மத்த எல்லாரும் பின்னாடி குறட்டை விடும்போது வரும். நாங்க வெச்சிருந்த சட்டம் என்னன்னா, டிரைவர் பக்கத்து சீட்ல உக்காந்தவரு தூங்கவே கூடாது, கண்ணு சொக்குச்சுன்னா உள்ள இருக்கிறவர எழுப்பி மாத்திக்கணும். ஒருத்தர் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது, குடிச்சவரு ஒரு பீர் குடிச்சிருந்தாலும் சாவிய தொடக் கூடாது, படுத்திருக்கிறவங்க உட்பட யாரும் பெல்ட் இல்லாம வரக் கூடாது. அந்தக் கடைசி சட்டத்துனால ப்ளைவுட் படுக்கை வண்டி ஓடும்போது காலியா தான் இருந்துச்சு, சண்டையெல்லாம் வந்துச்சு, நான் விட்டுக்குடுக்கல.

ஏன் விட்டுக்குடுக்கலன்னா, மினிட்மென்ங்கிற பங்க் பேண்டோட பாடகர், கிட்டாரிஸ்ட் டி. பூன் தான் காரணம். கலிபோர்னியாவோட சான் பெட்ரோ பசங்க, மேடை சாமான அவங்களே தூக்கி, அவங்களே வண்டி ஓட்டி, சிக்கனமா எப்படி டூர் போறதுன்னு எங்க எல்லாருக்கும் காட்டுனவங்க. 1985 டிசம்பர் 22, ஒரு பெரிய டூர் முடிஞ்சு கொஞ்ச நாள் தான் ஆயிருந்துச்சு, அரிசோனா பாலைவனத்துல வேன்ல போய்ட்டிருந்தாங்க, அவருக்கு காய்ச்சல், அதனால பெல்ட் போடாம பின்னாடி படுத்திருந்தாரு. வண்டி ரோட்ட விட்டு விலகி, அவரு வெளிய தூக்கி வீசப்பட்டாரு. 27 வயசு. அந்த பேண்ட் அன்னிக்கே முடிஞ்சு போச்சு.

சரி, திருட்டு. சோனிக் யூத் மாதிரி பெரிய பேண்டுக்கே 1999 ஜூலைல கலிபோர்னியாவுல வண்டியோட மொத்த சாமானும் போச்சு, வருஷக்கணக்கா அவங்க கைப்பட மாத்தி மாத்தி ட்யூன் பண்ணி வெச்சிருந்த கிட்டார்கள் அதெல்லாம், கடைல போய் திரும்ப வாங்க முடியாதது. ராத்திரி வண்டிய நிறுத்தும்போது பின்கதவு ஒரு சுவத்த ஒட்டி, திறக்கவே முடியாத மாதிரி நிறுத்துங்க. கிட்டார ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போங்க, எவ்ளோ களைப்பா இருந்தாலும் சரி. சீரியல் நம்பர் எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பம்பர்ல, கண்ணாடில பேண்ட் ஸ்டிக்கர் ஒட்டுறது ஆசையா தான் இருக்கும், ஆனா "உள்ள ஆம்ப்ளிஃபையர் இருக்கு"ன்னு போர்டு வெக்கிறதுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல.

காசு விஷயத்துல வெக்கப்படுறது தான் பெரிய தப்பு. பங்க்னா காசப் பத்தியே பேசக் கூடாதுன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. வாஷிங்டன் டி.சி. பங்க் பேண்ட் ஃபுகாஸிய பாருங்க, மேனேஜர் இல்லாம, டி-ஷர்ட் கூட விக்காம, பல ஊர்ல 5 டாலர் டிக்கெட்ல எல்லா வயசுக்காரங்களையும் உள்ள விட்டு நடத்துனாங்க, கூட்டத்துல அடிதடி பண்றவனுக்கு அந்த 5 டாலர திருப்பிக் குடுத்து வெளிய அனுப்புனாங்க. அது நடந்தது ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு வெச்சதால தான். எங்க கணக்கு சொல்றேன்: வேன் ஒரு கேலனுக்கு 15 மைல் தான் குடுக்கும், 400 மைல் போனா 27 கேலன், கேலன் 4 டாலர்னு வெச்சா ஒரு நாளைக்கு 108 டாலர் பெட்ரோலுக்கே போயிடும். க்ளப்ல வாசல் வசூல்ல பங்குன்னு சொல்லி 60 டாலர் குடுத்தா மீதி 48 டாலர் எங்க இருந்து வரும்? மெர்ச் டேபிள்ல இருந்து தான் வரும். அதனால கேரண்டியா (கூட்டம் வந்தாலும் வராட்டியும் பேசுன தொகை), வாசல் பங்கா, எத்தன சதவீதம், சாப்பாடு உண்டா, தூங்க இடம் உண்டான்னு ஒரு வாரம் முன்னாடியே மெசேஜ்ல எழுத்தா கேட்டு வாங்கிடுங்க. ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், பேசுனது 200, கைல வந்தது 70, எழுத்துல எதுவும் இல்லாததால பேசாம வாங்கிட்டு வந்தோம். அன்னைல இருந்து எல்லாத்தையும் எழுதி வாங்கிடுறேன்.

மெர்ச் டேபிள்ல புதுசா உக்கார்றவங்க சில்லறை இல்லாம உக்காருவாங்க. வர்ற எல்லாரும் 20 டாலர் நோட்ட நீட்டுவாங்க, 1 டாலர் 5 டாலர் நோட்டு முன்னாடியே பேங்க்ல வாங்கி வெச்சிருக்கணும். டி-ஷர்ட் எல்லா சைஸ்லயும் சமமா அடிக்காதீங்க, எங்களுக்கு எல்லா டூர்லயும் லார்ஜும் எக்ஸெல்லும் முதல் வாரத்துலயே காலி, ஸ்மால் கடைசி வரைக்கும் பெட்டிலயே கிடந்துச்சு. ராத்திரி எவ்ளோ வித்துச்சு எவ்ளோ இருக்குன்னு ஒரு நோட்ல எழுதாம படுக்காதீங்க. மேசைக்கு மேல ஒரு சின்ன விளக்க மாட்டுங்க, க்ளப் இருட்டுல விலை தெரியலன்னா யாரும் கிட்டயே வர மாட்டாங்க. காதுக்கு இயர்ப்ளக் மறக்காதீங்க, 100 டெசிபல் சத்தத்துல பாதுகாப்பில்லாம ஒரு நாளைக்கு 15 நிமிஷம் தான் இருக்கலாம்னு அமெரிக்காவோட தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லுது, நாம அங்க நாலு பேண்ட் முடியிற வரைக்கும் தினமும் உக்காந்திருக்கோம்.

ஷோல நடந்துக்கிற விதம்னு பாத்தா, நாம வாசிச்சு முடிச்சதும் எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டு வெளிய போய் நிக்கிறது ரொம்ப தப்பு. கூட்டத்தக் கூட்டிட்டு வந்ததே நம்ம கூட வாசிக்கிற அந்த ஊர் பேண்ட் தான், அவங்க வாசிக்கும்போது முன்னாடி நின்னு கேளுங்க. ட்ரம்ஸ் செட்ட எல்லா பேண்டும் பகிர்ந்துக்கிறது வழக்கம், ஆனா சிம்பல், ஸ்னேர், பெடல் இந்த மூணும் அவங்கவங்களோடது, அத எடுத்துட்டு வராம "உங்களோடத தாங்க"ன்னு கேக்குற ட்ரம்மர யாருக்கும் பிடிக்காது. இடத்தோட சட்டத்தையும் தெரிஞ்சுட்டுப் போங்க. 1986 டிசம்பர் 31ல தொடங்கின கலிபோர்னியா பெர்க்லியோட கில்மன் ஸ்ட்ரீட் க்ளப் மாதிரி இடங்கள நடத்துறது தன்னார்வலர்கள், அங்க குடி கிடையாது, போதை கிடையாது, நிறவெறிக்கு இடம் கிடையாது, பீர் கேனோட உள்ள போய் நிக்காதீங்க.

தங்குற வீடு. மேடையில மைக்ல "இன்னிக்கு ராத்திரி எங்களுக்கு தூங்க இடம் இருக்கா"ன்னு கேப்பாங்க, யாராவது கை தூக்குவாங்க, அந்தக் கை தூக்குறவர் தான் இந்த உலகத்த நடத்துறாரு. அவங்க வீட்ல காலைல 7 மணிக்கு வேலைக்குப் போறவங்க இருப்பாங்க, ராத்திரி 2 மணிக்கு சத்தமா பேசாதீங்க, ஸ்லீப்பிங் பேக் நீங்களே கொண்டு போங்க, ஃப்ரிட்ஜ கேக்காம திறக்காதீங்க, எழுந்ததும் பாத்திரத்தக் கழுவி வெச்சுட்டு ஒரு ரெக்கார்டோ ஷர்ட்டோ குடுத்துட்டு வாங்க. நான் வேன்ல ஒரு சின்ன ரைஸ் குக்கரும் ஒரு டப்பா ரசப்பொடியும் வெச்சிருப்பேன். ஒமாஹாவுல ஒரு வீட்ல, எட்டு நாளா பர்ரிட்டோவும் சிப்ஸும் தின்னு பாடகருக்கு தொண்டை கட்டிப்போச்சு, அந்த வீட்டுக்காரங்களுக்கும் சேத்து மிளகு தூக்கலா ரசம் வெச்சேன், பத்து பேர் தரையில சுத்தி உக்காந்து கப்ல ஊத்திக் குடிச்சாங்க. மறுநாள் பாடகர் பாடுனாரு. கேஸ் ஸ்டேஷன் சாப்பாட்ட மட்டும் நம்பி மூணு வாரம் போனா உடம்பு படுத்துரும், ஒரு வேளையாவது சூடா சமைச்சதா இருக்கட்டும்.

பார்டர் பத்தி சுருக்கமா. கனடா போறீங்கன்னா பேண்ட்ல யாருக்காவது குடிச்சுட்டு வண்டி ஓட்டுன கேஸ் இருக்கான்னு முன்னாடியே கேட்டுடுங்க, அதுக்காகவே பார்டர்ல திருப்பி அனுப்பிடலாம். டி-ஷர்ட் பெட்டிய சீட்டுக்கு அடியில மறைக்காதீங்க, எண்ணி எழுதிக் காட்டிடுங்க. பிரிட்டன் பேண்டுகளுக்கு 2021ல இருந்து ஐரோப்பாவோட ஷெங்கன் நாடுகள்ல (தங்களுக்குள்ள பார்டர் சோதனைய எடுத்துட்ட நாடுகள்) 180 நாள்ல 90 நாள் தான், அதையும் எண்ணிட்டே இருக்கணும்.

மனஸ்தாபத்த உள்ளயே வெக்காதீங்க. நியூயார்க் பங்க் பேண்ட் ரமோன்ஸ் 22 வருஷத்துல 2,263 ஷோ வாசிச்சாங்க, அதுல பல வருஷம் கிட்டாரிஸ்ட் ஜானியும் பாடகர் ஜோயியும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே இல்ல, ஒரே வண்டில. அவ்ளோ பாட்டு குடுத்த மனுஷங்க அப்படி வாழ்ந்தாங்கன்னு நினைக்கும்போது எனக்கு இன்னிக்கும் கஷ்டமா இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தினமும் ஒரு மணி நேரம் தனியா நடக்க விடுங்க, எங்க போறேன்னு கேக்காதீங்க. சாக்ஸ் நாத்தம், பாட்ட யாரு வெக்கிறது, இதெல்லாம் அன்னிக்கே பேசி முடிச்சிடுங்க.

கடைசி ராத்திரி பண்ற தப்பு தான் இருக்கறதுலயே மோசமானது. கடைசி ஷோ முடிஞ்சதும் எல்லாருக்கும் சொந்தக் கட்டில் ஞாபகம் வந்துடும், போட்ட சட்டமெல்லாம் பறந்துடும். எக்ஸ்ப்ளோடிங் ஹார்ட்ஸ்னு எங்க போர்ட்லேண்ட் பேண்ட், 2003 ஜூலை 20, சான் ஃபிரான்சிஸ்கோவுல ஷோ முடிச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா வீட்டுக்கு வந்துட்டிருந்தாங்க. விடியக்காலைல ஒரிகன்ல யூஜீன் பக்கம் ஐ-5 நெடுஞ்சாலைல வேன் உருண்டுச்சு. நாலு பேர்ல மூணு பேர் போயிட்டாங்க. அங்க இருந்து வீடு ரெண்டு மணி நேரம் தான்.

எங்க கடைசி டூரும் சான் ஃபிரான்சிஸ்கோவுல தான் முடிஞ்சுச்சு. வழியில வட கலிபோர்னியாவுல ரெடிங்ங்கிற ஊர்ல ஒரு மலிவான மோட்டல், ரூம் 80 டாலர், அஞ்சு பேர், அந்தக் காசு வீண்னு ரெண்டு பேருக்குக் கோவம். காலைல 8 மணிக்குக் கிளம்பி மத்தியானம் ரெண்டு மணிக்கு யூஜீன் வந்துச்சு. யாரோ பாட்ட நிறுத்துனாங்க, அந்த இடம் தாண்டுற வரைக்கும் வண்டில யாரும் பேசல. நாலரைக்கு போர்ட்லேண்ட்ல, மழைத் தூறல்ல, அந்த 60 கிலோ கேபினட்ட நாலு பேரா பிடிச்சு இறக்கி வெச்சோம்.