வலிக்காத கட்டிக்குப் பத்துப் போடாதீர்கள்

மார்பில் கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்படுகிறது என்று ஒரு பெண் சொன்னால், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "வலிக்குதா?" என்பதுதான். இல்லை என்றால், "அப்போ சூட்டுக்கட்டியா இருக்கும், விடு" என்று பேச்சு முடிந்துவிடும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து ஒரு பத்து. கரையவில்லையா, விளக்கெண்ணெய். அதற்கும் கரையவில்லையா, சந்தையில் யாரோ சொன்ன இலை. அதற்குள் மாங்காய் சீசன் வந்துவிடும், கூழ் ஆலைக்கு வேலைக்குப் போக வேண்டும், அப்புறம் ராகி அறுப்பு. மாதங்கள் ஓடிவிடும்.

அந்த முதல் கேள்வியில்தான் தவறு தொடங்குகிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இரண்டு மார்பும் கனத்து வலிப்பது பெரும்பாலும் ஹார்மோன் செய்கிற வேலை. மாதவிலக்கு வந்ததும் தானாகவே குறைந்துவிடும். மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால், வலிக்கவில்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவே கூடாது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் என்றும் இல்லை. இளம்பெண்களுக்கு விரலுக்கடியில் வழுக்கி வழுக்கி ஓடுகிற கட்டி பல நேரம் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதாரணக் கட்டியாகவே இருக்கும். ஆனால் இது அதுதான் என்று தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்ய பாட்டியாலும் முடியாது, டாக்டராலும் முடியாது. ஸ்கேன் வேண்டும், தேவைப்பட்டால் ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

மஞ்சள் பத்து தோலோடு நின்றுவிடும், உள்ளே இருக்கிற கட்டியைத் தொடாது. அதைவிட மோசம் எருக்கம்பால், சேரங்கொட்டை, சூடு போடுவது. மூன்றுமே தோலைப் புண்ணாக்கும். அந்தப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், தோல் சிவந்து தடித்திருப்பது நோயாலா, போட்ட மருந்தாலா என்று டாக்டருக்கே குழப்பம். கை வைத்தியம் எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. மாதவிலக்கு சமயத்து வலிக்கு இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம், சரியான அளவில் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போடலாம். அது இதமாகத்தான் இருக்கும். கட்டி என்று வந்துவிட்டால் அதற்கு இந்த வைத்தியம் இல்லை, அவ்வளவுதான்.

பால் கொடுக்கிற தாய்மார் விஷயம் கொஞ்சம் வேறு. பால் கட்டிக்கொண்டால் உடனே, "அந்தப் பக்கம் குடுக்காதே, பிள்ளைக்கு ஆகாது" என்பார்கள். குடிக்கலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. திடீரென நிறுத்தினால்தான் வீக்கம் கூடும். இன்னொரு தவறு, கட்டியை உடைக்கிறேன் என்று அழுத்திப் பிசைவது. உள்ளே ஏற்கெனவே வீங்கியிருக்கிற திசு இன்னும் நசுங்கும். பால் கொடுத்தபின் குளிர்ந்த துணி வைத்தாலே வீக்கம் இறங்கும். ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, சீழ் கோத்த மாதிரி இருந்தாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும். பால்கட்டு என்று நினைத்தது இரண்டு வாரமாகியும் போகவில்லை என்றாலும் அப்படித்தான்.

அப்புறம் இந்த மல்லிப்பூ. மார்பில் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் அதை, அப்போது பால் வற்றக் கொடுத்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பூவுக்கும் பால் குறைந்தது. ஆகவே, பால் கட்டிய வலிக்கு என்று, இன்னும் பால் கொடுக்க நினைக்கிற தாய்க்கு மல்லி கட்டுவது எதிர்வேலை. காவேரிப்பட்டணம் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் இன்னொன்றும் தெரியும்: மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்காமல் பூ எடுப்பது கஷ்டம். குழந்தை வாய் வைக்கிற இடத்தில் அந்தப் பூ எதற்கு?

"நான் மூணு பிள்ளைக்குப் பால் குடுத்தேன், தினம் ராகிக்களி சாப்பிடறேன், எனக்குப் புற்றுநோய் வராது" என்பதும் காதில் விழுகிறது. பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கும், இல்லாமலாக்காது. களி நல்ல சாப்பாடு, மருந்து அல்ல. "எங்க வம்சத்துலயே இல்ல" என்பதும் அதே கணக்குதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான். கறுப்பு உள்ளாடை போட்டால் வரும் என்கிற கதைக்கு ஆதாரமே இல்லை, விட்டுத்தள்ளுங்கள்.

தானே சோதித்துப் பார்க்கிறவர்கள் செய்கிற தவறு, மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பார்ப்பது. அப்போது மார்பு முழுக்கவே கட்டி கட்டியாகத்தான் தெரியும். தொடங்கிய நாளிலிருந்து 7 முதல் 10 நாளுக்குள் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். விரல் நுனியால் கிள்ளிப் பார்க்கக் கூடாது. நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, குளிக்கும்போது சோப்பு நுரையோடு வட்டமாகத் தடவிக்கொண்டே அக்குள் வரை போக வேண்டும். அக்குளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணாடி முன் நின்றும் பாருங்கள்: தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, ஒரு பக்கம் மட்டும் ரத்தம் கலந்த கசிவு, காம்பில் ஆறாத புண். கட்டியே இல்லாவிட்டாலும் இதில் ஒன்று இருந்தால் போய்க் காட்ட வேண்டும்.

எங்கே காட்டுவது? 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிற அந்த அக்காவிடம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். மார்பில் கட்டி இருக்கிறது என்று அவரிடமே சொல்லலாம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். அங்கிருந்து தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால் சீட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். ஊசி குத்திப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்று பயந்து பாதியில் திரும்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பரவாது. கட்டி என்னவென்று தெரியாமல் எந்த வைத்தியமும் தொடங்க முடியாது. போகும்போது ரேஷன் கார்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப்போங்கள், புற்றுநோய் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் உண்டு.