மலை மண்ணில் ஆரோவில் கல் அடிப்பது

1968 பிப்ரவரி 28 அன்று, புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தை ஒட்டிய ஒரு பொட்டல் மேட்டில் ஆரோவில் தொடங்கியது. அரவிந்தர் ஆசிரம அன்னை மிர்ரா அல்ஃபாசா கனவு கண்ட நகரம். 124 நாட்டு மண்ணைத் தாழியில் இட்டுத் துவக்கினார்கள். நமக்கு வேண்டியது, அந்த ஊர் செம்மண்ணில் கைதேர்ந்த ஒரு தொழில்: சிறிது சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையே இல்லாமல் செய்யும் மண் கல்.

செங்கல்லை லாரி வாடகை கொடுத்து மலையேற்றும் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது பொருத்தம்தான். ஆனால் ஆரோவில் கலவையை அப்படியே போட்டால் கல் வெடிக்கும். மலை மண்ணில் களி, அதாவது களிமண், அதிகம்.

முதலில் மேல்மண்ணை முழுதாக ஒதுக்குங்கள். இலைமக்கு கலந்த கறுப்பு மண் சிமெண்டைப் பிடிக்கவிடாது. சோலை, சீகை (வாட்டில் மரம்) தோப்பு ஓரங்களில் இந்தக் கறுப்பு ஆழமாகப் போகும். சிவப்போ மஞ்சளோ தெரியும்வரை தோண்ட வேண்டும். மனையைச் சமன்படுத்தும்போது வரும் மண்ணே போதும். கல்லுக்கென்று சரிவின் அடியை வெட்டினால் அடுத்த மழையில் மேடு இறங்கும். நீலகிரியில் பொக்லைன் இறக்க அனுமதியும் வாங்க வேண்டும்.

சிமெண்ட் கலக்க ஏற்ற மண்ணில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் இருக்கும். சோதிக்க, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் விடுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். இது குத்துமதிப்புதான். நம்பகமானது பெட்டிச் சோதனை: 60 × 4 × 4 செ.மீ. மரப்பெட்டியின் உள்ளே எண்ணெய் தடவி, ஈர மண்ணை அடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, நீளத்தில் எவ்வளவு சுருங்கியது என்று அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் போனால் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) சேர்த்து மறுபடி சோதிக்க வேண்டும். சிலர் மணலுக்குக் கஞ்சப்பட்டு சிமெண்டைக் கூட்டுவார்கள். செலவு ஏறும், விரிசல் நிற்காது.

மண்ணை 10 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். சிமெண்ட் எடையில் 5 சதவீதம், அதாவது 50 கிலோ மூட்டைக்கு 950 கிலோ காய்ந்த மண். 240 × 240 × 90 மி.மீ. அளவில் சுமார் நூறு கல் வரும். நிறம் ஒன்றாகும்வரை காய்ந்தபடியே புரட்டி, பிறகு தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி உருட்டி மார்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள்: நாலைந்து துண்டானால் சரி, பொடியானால் ஈரம் போதாது, தட்டையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். பனிமூட்டத்தில் மண்ணே ஈரமாக இருப்பதால் காலையும் மதியமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்ட கலவையை அரை மணிக்குள் அடித்து முடிக்கவும். மிஞ்சியதில் மறுபடி தண்ணீர் ஊற்றி அடித்த கல் மூலை உதிரும்.

அடித்த கல்லைத் தார்ப்பாயால் இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு 28 நாள்வரை ஈரம் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். மேகம் மூடியிருக்கிறதே, தானாக ஈரம் இருக்கும் என்று விடுவதுதான் மலையில் அதிகம் நடக்கும் தவறு. காற்று அடித்தால் மேல்முகம் காய்ந்துவிடும். குளிரில் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும் என்பதால் நாளைக் குறைக்கவே கூடாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் அடிக்காதீர்கள்: இறுகாத கல்லுக்குள் தண்ணீர் உறைந்தால் ஏடு ஏடாகப் பிரியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

சுவரை நேரே தரையிலிருந்து எழுப்பக் கூடாது. கருங்கல் அடித்தளம் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது வரட்டும். கூரை இறவாரம் இரண்டடி நீளட்டும். சாரல் அடிக்கும் பக்கம் இன்னும் கூட்டலாம். கட்டும் சாந்து சிமெண்ட் 1, சலித்த மண் 1, மணல் 3. மண் சேர்க்காத வெறும் சிமெண்ட் சாந்து கல்லைவிடக் கெட்டியாகிவிடும். சுவர் அசையும்போது விரிசல் சாந்தில் விழாமல் கல்லிலேயே விழும்.